தலைப்பு இருக்கிறது, வாதம் எங்கே?

கேள்வி: தாராவியில் குடியிருக்கிறோம். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அப்புறம் இங்கிலீஷ் மீடியம், இப்போது பி.ஏ. சமூகவியல் இரண்டாம் வருஷம். தாராவி மறுசீரமைப்பைப் பற்றி 1500 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நிறையப் படித்து, தகவல் சேர்த்துத்தான் எழுதினேன். மேடம் திருப்பிக் கொடுத்தபோது ‘தகவல் நன்றாக இருக்கிறது, தீசிஸ் ஸ்டேட்மென்ட் எங்கே?’ என்று மட்டும் எழுதியிருந்தார். திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தலைப்புதான் மேலேயே இருக்கிறதே, இன்னும் என்ன கேட்கிறார் என்று புரியவில்லை. தோழி சாட்ஜிபிடியிடம் கேள் என்கிறாள். எங்கள் அப்பா கீழே வாடகைக் கார்கானாவில் தோல் பை தைக்கிறார், அதே கட்டடத்தின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். இதையெல்லாம் கட்டுரையில் சொல்லலாமா என்றும் தெரியவில்லை. முதல் பத்தியை இணைத்திருக்கிறேன்.
— ஒரு மாணவி, மும்பை

பதில்:

வணக்கம். நான் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுப்பவன், இதே ஊரில்தான். உங்கள் முதல் பத்தியைப் படித்தேன். இங்கிலீஷில் தப்பு எதுவும் இல்லை, முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் பலரும் மேடம் சிவப்புப் பேனாவை எடுத்தாலே மொழியில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு, இலக்கணப் புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள். உங்கள் பிரச்சினை அங்கே இல்லை.

நீங்கள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தாராவி ஆசியாவின் பெரிய சேரிகளில் ஒன்று, பல மாநிலத்து மக்கள் இங்கே வாழ்கிறார்கள், இந்தக் கட்டுரையில் தாராவியின் வரலாறு, தொழில்கள், மறுசீரமைப்புத் திட்டம், அதன் நன்மை தீமைகள் ஆகியவற்றைக் காண்போம்.

இந்தக் ‘காண்போம்’ எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நமக்கு முன்னுரை, நான்கைந்து உட்தலைப்பு, முடிவுரை என்று குறிப்பு கொடுத்து, அதை வைத்துக் கட்டுரை வரைக என்பார்கள். அங்கே பார்த்தது பையனுக்கு விஷயம் தெரிகிறதா, அதை ஒழுங்காக அடுக்கத் தெரிகிறதா என்பதை. அந்த வயசுக்கு அது சரியான பயிற்சிதான், அதில் நீங்கள் தேறியும்விட்டீர்கள். இப்போது உங்கள் மேடம் கேட்பது வேறு. தாராவிக்குக் குஜராத்திலிருந்து குயவர்கள் வந்ததும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு ஆட்கள் வந்ததும் அவருக்குத் தெரியும். அதையெல்லாம் படித்தபிறகு நீங்கள் என்ன முடிவுக்கு வந்தீர்கள், அந்த முடிவை எதை வைத்துத் தாங்கிப் பிடிக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறார். கட்டுரை முழுக்க எதை நிலைநாட்டப் போகிறதோ அதை ஒன்றிரண்டு வாக்கியத்தில் முன்னாடியே சொல்லிவிடுவது, அதற்குப் பெயர்தான் தீசிஸ் ஸ்டேட்மென்ட். தலைப்பு எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லும். அதைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்பதைத் தீசிஸ் சொல்ல வேண்டும்.

இது ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பழக்கம், நமக்கு ஒட்டாது என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் நன்னூல் பாயிரத்தில் ஏழு மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, என்று ஒரு சூத்திரம் வரும், நூல் எழுதுகிறவன் மற்றவர்கள் கருத்தோடு எப்படி எப்படியெல்லாம் நடந்துகொள்ளலாம் என்று சொல்வது. பிறர் சொன்னதற்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, இருவர் மாறுபட்டுச் சொன்னதில் ஒரு பக்கத்தைத் துணிவது, தானே ஒன்றை நாட்டி அதை நிறுத்திக் காட்டுவது என்று போகும். கிட்டத்தட்ட 800 வருஷத்துக்கு முந்தையது. ஒரு பொருளைப் பற்றித் ‘தெரிந்ததையெல்லாம் காண்போம்’ என்பது அந்த ஏழில் இல்லை.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருவோம். இப்படிச் சொன்னவுடன் மாணவர்கள் முதலில் எழுதிக்கொண்டு வருவது அநேகமாக இதுதான்: ‘தாராவி மறுசீரமைப்பில் நன்மைகளும் இருக்கின்றன, தீமைகளும் இருக்கின்றன.’ பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் நடுவர் இரண்டு அணியையும் பாராட்டிவிட்டு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வார் பாருங்கள், அதே மாதிரி. மேடையில் அது நல்ல மனசு. கட்டுரையில் அது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் உலகத்தில் எந்தத் திட்டத்தைப் பற்றியும் இந்த வாக்கியத்தைச் சொல்லலாம், மெட்ரோ, கடல்வழிப் பாலம், நவி மும்பை விமான நிலையம் எதை வேண்டுமானாலும் ‘தாராவி’ இருக்கும் இடத்தில் போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் கட்டுரைக்கு உரியது இல்லை.

அதைத் திருப்பிக் கொடுத்தால் கோபத்தோடு அடுத்தது வரும்: ‘இந்தத் திட்டம் ஏழைகளுக்கு எதிரானது, அநியாயமானது.’ இது முந்தையதைவிடப் பரவாயில்லை, ஒரு பக்கம் நிற்கிறது. ஆனால் எந்த ஏழை, திட்டத்தின் எந்த விதி, எந்த வகையில் அநியாயம்? இதை எழுதிவிட்டு அடுத்த பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்பவும் வரலாற்றுக்கே போய்விடுவீர்கள், அப்படிப் போன கட்டுரைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். தீசிஸை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. கையில் இருக்கும் தகவலில் எங்கே ஒன்றோடொன்று ஒட்டாமல் இடிக்கிறதோ அங்கே ஒரு கேள்வி பிறக்கும், அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் தீசிஸ். உங்களுக்கு அப்படி இடிக்கிற இடம் எங்கே இருக்கிறது தெரியுமா? கட்டுரையில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. அப்பா கீழே தைக்கிறார், நாங்கள் மேலே இருக்கிறோம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

அந்த வரியைத் திட்டத்தின் விதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தகுதியுள்ள குடும்பத்துக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அந்தத் தேதிக்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகை வீடு, விரும்பினால் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். கடை, கார்கானாவுக்கு வேறு கணக்கு. ஆக, ஒரு குடும்பம் எந்தத் தளத்தில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று வீட்டுக் கணக்கு கேட்கிறது. அந்தக் குடும்பத்தார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அதில் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலோ வேலையும் குடியிருப்பும் ஒரே ஏணியின் இரண்டு முனை. கீழே ஆர்டர் அவசரம் என்றால் அம்மா சமையலை முடித்துவிட்டு இறங்கி நூல் வெட்டி, பையைத் திருப்பி, பக்கிள் மாட்டிக் கொடுப்பார்கள் இல்லையா? அந்த ஒரு மணி நேர வேலைக்குப் பஸ் ஏறி யாரும் வரமாட்டார்கள்.

இப்போது கேள்வி தானாக வருகிறது: வேலை செய்யும் இடத்துக்கு மேலேயே வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்துக்கு, வேறு இடத்தில் நல்ல வீடு கிடைத்தால் அது லாபமா நஷ்டமா? இதற்கு நீங்கள் சொல்லும் பதிலை, காரணத்தோடு, ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். நான் ஒரு மாதிரி எழுதுகிறேன், இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்:

‘தாராவியின் இடநெருக்கடியையும் கழிப்பறைப் பற்றாக்குறையையும் தீர்க்க மறுசீரமைப்பு தேவைதான் என்றாலும், இப்போதைய விதிகள் குடியிருக்கும் தளத்தையும் தேதியையும் வைத்தே வீட்டுத் தகுதியை முடிவு செய்வதால், வேலை செய்யும் இடத்துக்கு மேலேயே வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் வீட்டைப் பெற்றுப் பிழைப்பை இழக்க நேரும்.’

நீளமான வாக்கியம்தான், இரண்டாக உடைத்தாலும் தப்பில்லை. இதில் மூன்று வேலை நடக்கிறது. ‘என்றாலும்’ வரைக்கும் உள்ளது எதிர்த்தரப்புக்கு நாம் ஒத்துக்கொள்ளும் இடம். காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கிறவர் நீங்கள், அந்தக் கஷ்டம் பொய்யென்று உங்களால் எழுத முடியாது, எழுதவும் கூடாது. ‘செய்வதால்’ என்று முடிகிற பகுதி காரணம். அது இல்லாவிட்டால் வெறும் அபிப்பிராயமாகிவிடும். கடைசிப் பகுதிதான் நீங்கள் நிலைநாட்ட வேண்டியது, அதைத்தான் படிக்கிறவர் மறுக்க முடியும்.

மறுக்க முடிய வேண்டும் என்பதை அழுத்தியே சொல்கிறேன். விஷயம் தெரிந்த, நியாயமான ஒருவர் ‘இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்’ என்று சொல்ல இடமிருந்தால்தான் அது வாதம். உங்கள் வாக்கியத்துக்கு அப்படி ஒருவரை நினைத்துப் பார்க்கலாம்: வீடு வெளியே கிடைத்தால் என்ன, அப்பா தினமும் லோக்கல் ரயிலில் வந்துவிட்டுப் போகலாமே, மும்பையில் பாதிப் பேர் அப்படித்தானே வாழ்கிறார்கள் என்பார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நீங்கள் ஒரு பத்தி எழுதியாக வேண்டும், அந்தப் பத்திதான் உங்கள் கட்டுரையிலேயே சிறந்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அம்மாவின் அந்த ஒரு மணி நேர வேலை அங்கேதான் வரும். யாரும் மறுக்கவே முடியாத வாக்கியத்துக்கு அப்படி ஒரு பத்தி கிடைக்காது.

தீசிஸ் கிடைத்ததும் சேர்த்து வைத்த தகவலெல்லாம் வேறு முகம் காட்ட ஆரம்பிக்கும். ஓல்கா டெல்லிஸ் வழக்கை நீங்கள் இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள்: ‘1985இல் உச்ச நீதிமன்றம் வாழ்வாதார உரிமையும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது.’ சரியான தகவல். ஆனால் அது அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது, குடிசைகள் பற்றிய வழக்கு என்பதால் சேர்த்தீர்கள். இப்போது புதுத் தீசிஸை வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைத் திறந்து படியுங்கள், முழுசாக இல்லாவிட்டாலும் முதல் சில பக்கம். மனுதாரர்களில் ஒருவர் அங்கமுத்து, சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய் வந்தவர். 1981 ஜூலை மழையில் அவர் குடிசையை இடித்துக் குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மனைவி மக்கள் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார். நடைபாதையில் இருப்பவர்கள் வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே இருக்கிறார்கள், அங்கிருந்து கிளப்பினால் வேலையும் போய்விடும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதுதான் உங்களுக்கு வேண்டிய இடம். இருக்கும் இடத்தையும் பிழைப்பையும் பிரிக்க முடியாது என்று நீங்கள் சொல்வதை 40 வருஷத்துக்கு முன்பே இதே ஊர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள். அதே தீர்ப்பு, முறையாக நோட்டீஸ் கொடுத்து, சட்டப்படி நடந்தால் அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது, மழைக்காலம் முடியும் வரை தள்ளிப்போடச் சொன்னதே தவிர இடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவது நேர்மை இல்லை, அது போக, தீர்ப்பைப் படித்த எந்த ஆசிரியரும் அங்கேயே உங்களைப் பிடித்துவிடுவார். இரண்டாம் பாதியையும் எடுத்து வைத்து, உரிமை என்று ஒத்துக்கொண்டும் அதை முழுமையாகக் காக்கும் வழியைத் தீர்ப்பு சொல்லவில்லை, அந்த இடைவெளிதான் இன்றைய விதிகளிலும் தொடர்கிறது என்று நீங்கள் வாதாடலாம். எதிர்த்தரப்பில் எழுதுகிற ஒரு மாணவர் இதே தீர்ப்பை எடுத்து, முறைப்படி நடக்கும் மறுகுடியமர்த்தல் சட்டத்துக்கு உட்பட்டது என்று எழுதலாம். ஒரே ஆதாரம், இரண்டு வேலை. எந்த வேலைக்கு எடுக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது தீசிஸ்தான்.

இன்னொன்று, ‘நேரும்’ என்று நான் எழுதியது கொஞ்சம் கனமான சொல். திட்டம் இன்னும் நடந்து முடியவில்லை, நாளைக்கு நடக்கப்போவதை நிச்சயமாகச் சொல்ல ஆதாரம் வேண்டும். இந்த ஊரிலேயே முன்னால் இடம் மாற்றப்பட்டவர்களின் கதையைத் தேடலாம். தான்சா தண்ணீர்க் குழாய் ஓரத்திலிருந்து மாஹுலுக்குப் போனவர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆனால் மாஹுலில் பெரிதாகப் பேசப்பட்டது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மாசு, பாம்பே உயர் நீதிமன்றம் வரைக்கும் போனதும் அதனால்தான். பிழைப்பு போனதற்கு மட்டும் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னால் ஆதாரம் ஒரு பக்கமும் வாதம் ஒரு பக்கமும் நிற்கும். ரயில் பாதை ஓரத்திலிருந்து மான்கூர்டு பக்கம் குடியமர்த்தப்பட்டவர்கள் உங்கள் வாதத்துக்கு இன்னும் நெருக்கம், அதைப் பற்றிய ஆய்வுகள் உங்கள் கல்லூரி நூலகத்திலேயே கிடைக்கும், நூலகரைக் கேளுங்கள். தேடியும் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் ‘நேரும்’ என்பதை ‘நேரக்கூடும்’ என்று இறக்கிவிடுங்கள். தீசிஸை ஆதாரத்தின் பலத்துக்குத் தக்கபடி இறக்குவது பின்வாங்குவது ஆகாது, அதுதான் ஆய்வு மாணவர்களிடம் எதிர்பார்க்கிற ஒழுக்கம்.

விதிகளைப் பத்திரிகைச் செய்தியிலிருந்து எடுக்காமல் மகாராஷ்டிர அரசின் ஜி.ஆர். என்கிறார்களே, அந்த ஆணையிலிருந்தே எடுங்கள். அது மராத்தியில் இருக்கும். இந்த ஊரில் வளர்ந்த உங்களுக்கு மராத்தி படிக்கத் தெரியும், வெளியூரிலிருந்து வந்து படிக்கிற பல மாணவர்களுக்கு இல்லாத வசதி இது. தேதிகளும் சதுர அடியும் நான் மேலே சொன்னபடிதானா, இடையில் திருத்தம் ஏதும் வந்ததா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெட்ட வேண்டியதைச் சொல்கிறேன், இது வலிக்கும். குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடாவின் சூளைகளைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தி அழகாக இருக்கிறது, படிக்கும்போது எனக்கே புகை மணம் வந்தது. அது அங்கே வெறும் ‘தொழில்கள்’ என்ற உட்தலைப்புக்காக இருந்தால் போக வேண்டியதுதான். ஆனால் குயவர் வீட்டில் முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் வேலை, நடுவில் பொதுச் சூளை என்று வீடும் தொழிலும் ஒன்றாக இருக்கும் அமைப்பைக் காட்ட அதைத் திருப்பி எழுதினால் தாராளமாக இருக்கலாம். கொரோனா சமயத்தில் தாராவி எப்படிச் சமாளித்தது என்ற பத்திக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. நல்ல விஷயம், வேறு கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்தியையும் எடுத்து ‘நீ என் தீசிஸுக்கு என்ன செய்கிறாய்’ என்று கேளுங்கள், பதில் சொல்லாத பத்தியை எடுத்துவிடுங்கள்.

வேறு பாடத்துக்கும் இதே வழிதான் என்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அடுத்த செமஸ்டரில் நகர வரலாறு வந்தால் உதவும். ‘1982 பஞ்சாலை வேலைநிறுத்தம் மும்பையை மாற்றியது’ என்று எழுதினால் தலை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘பரேல் ஆலை நிலங்கள் மால்களாகவும் உயர்மாடிக் கட்டடங்களாகவும் ஆனதற்கு வேலைநிறுத்தத்தைவிட, ஆலை நிலத்தை விற்க வழி செய்த 1991 கட்டுமான விதியும், பொதுப் பயனுக்கு ஒதுக்க வேண்டிய பங்கைச் சுருக்கிய 2001 திருத்தமும்தான் பெரிய காரணம்’ என்று எழுதினால் வகுப்பில் யாராவது கை தூக்குவார்கள். வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்தையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களோடு உங்களுக்கு ஒரு நேரடி வழக்கு கிடைத்துவிடும். எதைவிட எது முக்கியம் என்று எடை போடுகிற இந்த வகைத் தீசிஸ் வரலாற்றுப் பாடத்துக்கு மிகவும் ஒத்துவரும்.

எங்கே வைப்பது என்று யாராவது கேட்டால், முதல் பத்தியின் கடைசியில் வையுங்கள், ஆசிரியர்கள் அங்கேதான் தேடுவார்கள். கேள்வியாக வைக்காதீர்கள், பதிலாக வையுங்கள். ‘இந்தக் கட்டுரையில் நான் ஆராயப்போவது’ என்ற அறிவிப்பு வேண்டாம், நேராக விஷயத்தைச் சொல்லிவிடலாம். அகராதியில் வரையறை எடுத்துக் கட்டுரையைத் தொடங்குவதையும் விட்டுவிடுங்கள்.

முதலில் வருவதால் அதை முதலிலேயே எழுதி முடித்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. தற்காலிகமாக ஒன்றை எழுதிக்கொண்டு இறங்குங்கள், எழுத எழுத வாதம் நகரும், மூன்றாம் பக்கத்தில் நீங்கள் நினைக்காத ஒன்று தெளிவாகும், அப்போது திரும்பிப் போய் முதல் பத்தியை மாற்றுங்கள். அநேகமாக உங்கள் உண்மையான தீசிஸ் இப்போதே உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும், மாணவர்கள் எழுதி எழுதி அங்கே போய்த்தான் மனசில் இருப்பதைச் சொல்வார்கள். அதைத் தூக்கி முன்னால் வைத்துப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

தோழி சொன்ன சாட்ஜிபிடியைப் பற்றி: கேட்டால் சுத்தமான இங்கிலீஷில், மூன்று காரணத்தை வரிசையாக அடுக்கி ஒரு வாக்கியம் கொடுக்கும். உங்கள் வகுப்பில் இன்னும் பத்துப் பேருக்கும் கிட்டத்தட்ட அதையேதான் கொடுக்கும். அந்த மூன்று காரணமும் உங்கள் மேடம் ஏற்கெனவே படித்துச் சலித்தவையாக இருக்கும், அதைவிட முக்கியம், மேல்மாடி வாடகைக் குடும்பம் என்ற விஷயம் நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. நீங்களே எழுதி முடித்தபிறகு, இதை எப்படி மறுப்பாய் என்று கேட்டுப் பாருங்கள், அதற்குப் பயன்படலாம், அதுவும் கல்லூரி விதி அனுமதித்தால். அதைவிட நல்ல ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். வாதத்தை அம்மாவிடமோ அப்பாவிடமோ தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ஆமாம், அதற்கென்ன’ என்றால் அதில் இன்னும் வாதம் வரவில்லை. ‘அது எப்படி அப்படிச் சொல்ற, வெளியே போனாலும் நல்ல வீடுதானே’ என்று அம்மா சண்டைக்கு வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள், அந்தச் சண்டையை அப்படியே குறித்துக்கொண்டு அப்புறம் இங்கிலீஷில் எழுதுங்கள். முதலிலேயே இங்கிலீஷில் யோசிக்கப் போனால் தெரிந்த சொற்கள் இழுக்கிற பக்கமெல்லாம் கருத்தும் போய்விடும்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லலாமா என்ற கேள்வி. சொல்லலாம், சமூகவியலில் அதற்கு இடம் உண்டு. ஆனால் ‘எங்கள் வீட்டில் இப்படி, ஆகவே தாராவி முழுக்க இப்படி’ என்று எழுதக் கூடாது. கேள்வி உங்கள் வீட்டிலிருந்து பிறந்தது, ஆதாரம் விதிகளிலிருந்தும் தீர்ப்பிலிருந்தும் மற்றவர்கள் செய்த ஆய்விலிருந்தும் வர வேண்டும். முடிந்தால் உங்கள் சந்தில் இதே மாதிரி கீழே வேலை, மேலே குடியிருப்பு என்று இருக்கும் இன்னும் நான்கைந்து குடும்பங்களிடம், என்னத்துக்குக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் வாங்கிப் பேசுங்கள். பெயரைப் போட வேண்டாம். மாடியில் இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளவே சிலர் இந்த நேரத்தில் பயப்படுவார்கள், அவர்களை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் அங்கே குடியிருக்கிறவர் என்பதை முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ‘நான்’ என்று எழுதுவதைச் சில துறைகளில் இன்னும் விரும்ப மாட்டார்கள், அதை மட்டும் மேடத்திடம் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்கப் போகும்போது கட்டுரை முழுவதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அந்த ஒரு வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், இதை நிலைநாட்ட 1500 வார்த்தை போதுமா மேடம் என்று கேளுங்கள். அதிகம் என்றால் தோல் வேலை செய்யும் குடும்பங்களோடு மட்டும் நிறுத்திக்கொண்டு சுருக்குங்கள். போதும் என்றால் அன்றைக்கே முதல் பத்தியை மாற்றி எழுத உட்காருங்கள்.